அபியின் ஆனைக்குன்றிமணி

நாகவல்லி வீட்டுக்குள் நுழைந்தபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. எரியக் கூடாத அடுப்பு அது. மத்தியானமே தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்து, கொதி அடங்கியதும் துணியில் முடிந்த விதைகளை உள்ளே போட்டு, தட்டால் மூடி, விடிகிற வரைக்கும் அப்படியே ஆறட்டும் என்று விட்டுப் போயிருந்தாள். வேம்புலியம்மன் கோயிலில் ஆடிக் கூழ் ஊற்றுகிற நாள். தெருவில் ஆளுக்கொரு வேலை, இவளுக்கு வெங்காயம் உரிக்கிற வேலை. திரும்புவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிவந்தவளுக்கு, பாத்திரத்தின் மேல் தட்டு தடதடவென்று ஆடுகிற சத்தம் வாசலிலேயே கேட்டுவிட்டது.

அவள் புருஷன் துலுக்கானம் தோளில் துண்டோடு கட்டிலில் உட்கார்ந்து போனில் ரீல்ஸ் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் ஷாப்பில் வேலை அவனுக்கு. ஷிப்டு முடிந்து நனைந்துகொண்டே வந்திருந்தான்.

"இன்னாயா பண்ணி வெச்சிக்கீற?"

"மயைல தொப்பலா நனைஞ்சி வந்தேன்மே. குளிக்கலாம்னு பாத்தா அடுப்பு மேலயே தண்ணி ரெடியா கீது. பொண்டாட்டிக்கு நம்ம மேல இம்மாம் பாசமான்னு பத்த வெச்சேன். அப்பால போன எடுத்துக்கினு ஒக்காந்தேன், மறந்தே பூட்டேன்."

நாகவல்லி அடுப்பை அணைத்துத் தட்டைத் தூக்கினாள். தண்ணீர் அடியில்தான் கொஞ்சம் மிச்சமிருந்தது. துணி முடிச்சு அவிழ்ந்து கிடந்தது. காலையில் பவழம் மாதிரி மின்னிய விதைகள் தோல் பிளந்து, நிறம் செத்து, வெந்து மலர்ந்திருந்தன. ஒன்றை எடுத்து விரலால் அழுத்தினாள். மாவாய் நசுங்கியது.

"முடிச்ச யாரு அவுத்தது?"

"நான்தான். நடுவுல தட்ட தூக்குனா உள்ள முடிச்சி, கொள்ளு வேவுதோன்னு பாத்தேன். ஒண்ணு எடுத்து வாயிலகூட போட்டேன். சப்புனு கீது. உப்பு போட மறந்துட்டியா?"

நாகவல்லிக்கு வாயில் வந்த வசவெல்லாம் அங்கேயே நின்றுவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அது செத்துப்போன புள்ள பொறுக்கி வெச்ச வெதைய்யா," என்றாள்.

துலுக்கானம் போனைக் கவிழ்த்து வைத்தான். "அந்த பிளாட்டு மேடம் குத்ததா?" என்று கேட்டான். அவள் தலையாட்டியதும் எழுந்து போய் வாசலில் வாயைக் கொப்பளித்தான். கொப்பளித்துக்கொண்டே இருந்தான்.

அயனம்பாக்கம் ஏரிக்குப் போகிற வழியில், வாடகை மனையில், பச்சை வலைக் கூரைக்குக் கீழே இருக்கிறது நாகவல்லியின் நர்சரி. சுற்றிலும் எழும்பிவிட்ட அடுக்குமாடிகளிலிருந்து வருகிறவர்கள் ரோஜா கேட்பார்கள், துளசி கேட்பார்கள், தண்ணீரே ஊற்றாமல் வளர்கிற செடி ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்பார்கள். ஆனி மாதத்தில் ஒரு சாயங்காலம் கார்த்திகா வந்தாள். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, கழுத்தில் அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. எந்தச் செடியையும் பார்க்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு பையனின் ஜியாமெட்ரி பாக்ஸை எடுத்துத் திறந்தாள். உள்ளே காம்பஸ் இல்லை, ஸ்கேல் இல்லை. ஒரு பிடி ஆனைக்குன்றிமணி மட்டும் இருந்தது. குன்றிமணியைவிடப் பெரியது, கறுப்புப் பொட்டு இல்லாமல் முழுச் சிவப்பு.

அவளுடைய மகன் அபிஷேக் ஸ்கூலுக்குப் போகிற வழியில் மரத்தடியில் பொறுக்கிச் சேர்த்தவை அவை. போன புரட்டாசியில் ஒரு காய்ச்சல் வந்து அவனைக் கொண்டுபோய்விட்டது. அந்த விதைகளிலிருந்து ஒரு மரம் வளர்க்க வேண்டும், வருகிற புரட்டாசியில் அவன் நினைவு நாளன்று வைக்க வேண்டும் என்று கார்த்திகா நினைத்திருந்தாள். மாசக் கணக்கில் பால்கனித் தொட்டியில் போட்டு வைத்துத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். தோண்டிப் பார்த்தால் போட்டது போட்டபடியே மின்னிக்கொண்டு இருந்திருக்கின்றன.

"எல்லாமே செத்துப் போச்சா அக்கா?" என்று கேட்டாள்.

"அய்ய, உசுரோடதாம்மா கீது. தோலு கெட்டி. தண்ணி உள்ளயே போவாது. ஓரமா ஒரு நறுக்கு நறுக்கி ஊற வெச்சா போதும், வந்துரும்." நாகவல்லி சொல்லிக்கொண்டே மேஜை டிராயரிலிருந்து நகவெட்டியை எடுத்தாள். கார்த்திகா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிடி வலித்தது.

"வெட்டாதீங்கக்கா. ஆஸ்பத்திரியில அவன் உடம்புல ஊசி குத்தாத இடம் இல்ல. இதையும் ஒண்ணும் பண்ணாதீங்க."

உப்புத்தாளில் தேய்க்கலாம் என்றால் அதுவும் வேண்டாம். ஆசிட்டில் போட்டு எடுப்பவர்களும் உண்டு, அதைப் பற்றி நாகவல்லி வாயே திறக்கவில்லை. வெந்நீர்தான் மிச்சம். கொதிக்கவைத்து இறக்கிய தண்ணீரில் போட்டு ஆறவிட்டால் தோல் இளகும். சிலது முளைக்கும், சிலது முளைக்காது. அதற்குக் கார்த்திகா சம்மதித்தாள். "சுடாம பாத்துக்கோங்க" என்றாள். வெந்நீரைச் சுடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? இருந்தாலும் நாகவல்லி சரியென்று தலையாட்டினாள். ஆர்டர்களையெல்லாம் முடித்துவிட்டு ஒரு நல்ல நாளில் போடலாம் என்று எடுத்து வைத்திருந்து, ஆடிக் கூழ் நாளே நல்ல நாள் என்று தேர்ந்தெடுத்தவளும் அவள்தான்.

விதைகள் வெந்துபோன மறுநாள் காலையில் நர்சரிக்கு வந்ததும் கார்த்திகாவுக்குப் போன் போடத்தான் எடுத்தாள். வாட்ஸ்அப்பில் அவள் பெயருக்குப் பக்கத்தில் அந்தப் பையனின் படம் இருந்தது. முன்பல் விழுந்த சிரிப்பு. நாகவல்லி போனை வைத்துவிட்டாள்.

கொட்டகையின் மூலையில் ஒரு சாக்கு நிறைய ஆனைக்குன்றிமணி கிடந்தது. பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் மரத்தடியில் பெருக்கிக் கொண்டுவந்தது. "எல்லாம் ஒண்ணுதானேமே, யாருக்குத் தெரியப் போவுது" என்று ராத்திரியே துலுக்கானம் சொல்லியிருந்தான். ஒரு பிடி அள்ளினாள். ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்தவற்றுக்கும் இவற்றுக்கும் பெற்றவளே வந்தாலும் வித்தியாசம் சொல்ல முடியாது. அந்த நினைப்பு வந்ததும் அள்ளியதைச் சாக்கிலேயே கொட்டிவிட்டு, மறுபடி அள்ளினாள். நகவெட்டியை எடுத்து ஒவ்வொன்றாக நறுக்கினாள், ஊறவைத்தாள், உப்பியதும் பையில் மண் நிரப்பி ஊன்றினாள். வெந்து போனவற்றையும் ஒரு தொட்டி மண்ணில் போட்டுத் தண்ணீர் தெளித்தாள். அது எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டு நாளில் அதில் பூஞ்சை பூத்துவிட்டது.

நறுக்கிப் போட்டவை நறுக்கென்று முளைத்தன. முளை வந்துவிட்டது என்று நாகவல்லி மெசேஜ் அனுப்பியதும் கார்த்திகா ஆபீஸ் வண்டியிலிருந்து ஏரிக்கரை முனையிலேயே இறங்கி ஓடிவந்தாள். முளை வளைந்து மண்ணைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தது. தலையில் சிவப்புத் தோல் தொப்பி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். "அபி" என்று மெல்லக் கூப்பிட்டாள்.

நாகவல்லி ஓஸ் பைப்பை எடுத்துக்கொண்டு அந்தக் கோடிக்குப் போய்விட்டாள்.

அதன் பிறகு கார்த்திகா வராத நாள் குறைவு. இலை விட்டால் போட்டோ, ஈரம் போதுமா என்று மெசேஜ். மற்றக் கன்றுகளைக் கேட்டவர்களுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு, நன்றாக நிமிர்ந்து வந்த ஒன்றைத் தனக்கென்று வைத்துக்கொண்டாள். அதன் தோல் உதிர்ந்த அன்று அதைப் பொறுக்கி எடுத்துக் கண்ணில் ஒற்றி, தாலிச் சரடை ஒட்டி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். சாக்கிலிருந்து அள்ளிய விதையின் தோல் அது. பொய்யைச் சொல்லிவிடுவது ஒரு நாள் வேலை. இவள் அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. சோறு இறங்கவில்லை.

"சொல்லிடப் போறேன்யா," என்றாள் துலுக்கானத்திடம்.

அவன் சட்டென்று திரும்பினான். "இன்னாத்துக்கு? அது இப்பத்தான் ரெண்டு வாய் துன்னுது, நாலு பேராண்ட பேசுது. நீ போய் உண்மய சொல்லி உன் மனச தொடச்சிக்குவ. அது இன்னா பண்ணும்? புள்ளய ரெண்டாந்தபா சாவடிப்பியா?"

அவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசுகிறானா, அந்தப் பெண்ணுக்காகப் பேசுகிறானா என்று பார்த்தாள். இரண்டும்தான் என்று தோன்றியது. தின்றது அவன்தானே. அன்றைக்கும் வாயைத் திறக்காமல் விட்டாள். மறுநாளும் விட்டாள்.

புரட்டாசி வந்தது. நினைவு நாளுக்கு முதல் நாள் சாயங்காலம் கார்த்திகா கன்றை எடுத்துப் போக வந்தாள். ஊரிலிருந்து அம்மாவும் நாத்தனாரும் வந்து இறங்கிவிட்டார்கள், பிளாட்டுப் பூங்காவில் குழிகூடத் தோண்டியாயிற்று என்றாள். குனிந்து பையைத் தூக்கினாள். தூக்கியதும் அதை இடுப்பில் வைத்துக்கொண்டாள், தண்டு தோளில் சாய்கிற மாதிரி. நடக்கத் தெரியாத பிள்ளையை அப்படித்தான் வைத்துக்கொள்வார்கள்.

"வெக்காதம்மா," என்றாள் நாகவல்லி.

"என்னக்கா?"

"அத்த வெக்காத. அது உன் புள்ளயோடது இல்ல."

சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. ஆடிக் கூழ், மழை, எரிந்துகொண்டிருந்த அடுப்பு, சாக்குமூட்டை எல்லாவற்றையும் கொட்டினாள். நகவெட்டியால் நறுக்கியதையும் சொன்னாள். ஒன்றே ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தாள். அதையும் விடவில்லை. "என் ஊட்டுக்காரரு தெரியாம ஒண்ண எடுத்து வாயில போட்டுட்டாரும்மா. கொள்ளுன்னு நெனச்சி துன்னுட்டாரு."

கார்த்திகாவின் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. பையை இடுப்பிலிருந்து இறக்கவும் இல்லை. "அவனோடது எங்க?" என்று மட்டும் கேட்டாள். நாகவல்லி பூஞ்சை பிடித்த தொட்டியைக் காட்டினாள். அவள் அதில் விரல்விட்டுக் கிளறினாள். கறுப்பாய் ஏதோ ஒட்டியது. விரலைத் துடைத்துக்கொள்ளாமலே, அந்தக் கன்றோடு கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள்.

அடித்திருக்கலாம், மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு நாகவல்லி அந்த இடத்திலேயே நின்றாள். மறுநாள் பிளாட்டிலிருந்து ஆட்கள் வந்து சண்டை போடுவார்கள் என்று துலுக்கானம் வேலைக்குப் போகாமல் நர்சரியில் வந்து உட்கார்ந்துகொண்டான். "சொன்னேன், கேட்டியா?" என்று ஒரு தரம் கேட்டான். அவள் முறைத்ததும் அடங்கிவிட்டான். ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் இருவரும் ரோட்டைப் பார்த்தார்கள்.

மத்தியானத்துக்கு மேல் கார்த்திகா தனியாக நடந்து வந்தாள். பட்டுப்புடவை, நெற்றியில் திருநீறு, காலில் சேறு. துலுக்கானம் எழுந்து நின்றான். என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கையையும் கட்டிக்கொண்டான்.

"வெச்சுட்டோம்," என்றாள் கார்த்திகா. "அந்தக் கன்னையே வெச்சுட்டேன். எங்கம்மா அதைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுதாங்க. எல்லாரும் அழுதாங்க. எனக்கு மட்டும் அழுகையே வரல. அவங்ககிட்ட நான் சொல்லலக்கா. எனக்கும் வாய் வரல."

நாகவல்லி வாயைத் திறந்தாள். கார்த்திகா கையை உயர்த்தி நிறுத்தினாள். பிறகு துலுக்கானத்தைப் பார்த்தாள். "நீங்கதான் தின்னீங்களா?"

"ஆமாம்மா," என்றான் அவன். "தெரியாம பூட்ச்சி. செருப்பால அடி, வாங்கிக்கிறேன்."

"அவனும் ஒண்ணை முழுங்கிட்டான்," என்றாள் கார்த்திகா. உதடு கோணியது, சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "ரெண்டாங்கிளாஸ் படிக்கிறப்ப. தூக்கிக்கிட்டு ஓடுனோம். டாக்டர் பயப்படாதீங்க, தானா வந்துரும்னுட்டாரு. நான் தினமும் குச்சியும் கையுமா அவன் ஆய் போறதையெல்லாம் கிளறிக்கிட்டு உக்காந்திருந்தேன். கடைசியில வந்துச்சு. ஒரு கீறல் இல்ல. போனபடியே பளபளன்னு வந்துச்சு."

அவள் கைப்பையைத் திறந்து, நகைக்கடையில் கம்மல் வைத்துக் கொடுக்கிற சின்ன டப்பாவை எடுத்தாள். பஞ்சுக்கு நடுவில் ஒற்றை விதை இருந்தது. "கழுவி, டெட்டால் போட்டு வெச்சிருந்தேன். அவன் கல்யாணத்தன்னிக்கு அவன் பொண்டாட்டிகிட்டக் காட்டி மானத்தை வாங்கணும்னு. அதனாலதான் உங்ககிட்ட இதை மட்டும் தரல."

துலுக்கானம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"இது ஒண்ணுதான் இருக்கு. எப்படிப் போட்டா நிச்சயமா வரும்?"

நாகவல்லி டப்பாவைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். "வெந்நீல போட்டா வந்தாலும் வரும், வராமயும் பூடும். நறுக்குனா தண்ணி உள்ள போவும். அது நிச்சயம். அதுக்கு மேல உள்ள பருப்பு நல்லா கீதான்னு எனக்குத் தெரியாதும்மா. பொய் சொல்ல மாட்டேன்."

"நகவெட்டியக் குடுங்க."

"நான் வேணா..."

"நீங்க வேண்டாம். எனக்குக் காட்டுங்க, எந்த இடம்னு."

நாகவல்லி காட்டினாள். காம்பு ஒட்டியிருந்த தழும்பு ஒரு பக்கம் தெரியும், முளை அங்கேதான் இருக்கிறது, அதைத் தொடக் கூடாது. அதற்கு எதிர் ஓரத்தில் தோலை மட்டும் எடுக்க வேண்டும். கார்த்திகா மேஜை மேல் முழங்கையை ஊன்றி, விதையை இரண்டு விரலால் பிடித்து, நகவெட்டியை வைத்து அழுத்தினாள். வழுவழுப்பில் நகவெட்டி வழுக்கியது. விதை தெறித்தது. எங்கோ கீழே டிக்கென்று ஒரு சத்தம் கேட்டு அடங்கியது.

"யாரும் காலெடுக்காதீங்க!" என்று துலுக்கானம் கத்தினான்.

கீழே செங்கல் தூள், சரளை, உதிர்ந்த செம்பருத்தி இதழ்கள். எதைப் பார்த்தாலும் சிவப்பு. மூன்று பேரும் நின்ற இடத்திலேயே குந்தினார்கள். கார்த்திகா பட்டுப்புடவையோடு ஈரத்தில் மண்டியிட்டு, பைகளுக்கு நடுவில் கையை விட்டுத் துழாவினாள். நாகவல்லி ஒவ்வொரு கல்லாகப் புரட்டினாள். அந்தச் சாக்கு மூலையில் கிடந்தது, அதிலிருந்து சிந்திய பழைய விதைகளும் தரையில் அங்கங்கே கிடந்தன. ஒன்று நாகவல்லியின் கையில் கிடைத்தது. பழைய மண் அப்பியிருந்தது, சாக்கிலிருந்து சிந்தியதுதான். இதை இதுதான் என்று நீட்டினால் இன்னொரு தரம் அதே பொய். தூக்கி எறிந்தாள்.

"இந்தா இருக்கு," என்றாள் கார்த்திகா. மேஜைக் காலுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் சிக்கியிருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ஓரத்தில் நகவெட்டி முதல் தரம் அழுத்தியதில் மயிரிழை அளவுக்கு ஒரு கீறல் விழுந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் இது அதுதான் என்று மூவருக்கும் மூச்சு வந்தது.

இந்த முறை விதையைப் புடவை முந்தானையில் பொதிந்து பிடித்தாள். கண்ணை மூடவில்லை. அதே கீறலில் நகவெட்டியை வைத்து அழுத்தினாள். டக்கென்று சிவப்புச் சில் ஒன்று பறந்தது. உள்ளே மஞ்சளும் வெள்ளையுமாய்ப் பருப்பு தெரிந்தது. அவ்வளவுதான். அவள் விதையை டம்ளர் தண்ணீரில் போட்டாள். பிறகு மேஜையில் தலையைச் சாய்த்து, அத்தனை நேரமும் வராமல் இருந்ததையெல்லாம் சேர்த்து அழுதாள். துலுக்கானம் வெளியே போய் ரோட்டில் நின்றுகொண்டான். நாகவல்லி அவள் முதுகைத் தடவிக் கொடுக்கக் கையைக் கொண்டுபோனாள். தொட உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. தொட்டாள். கார்த்திகா தள்ளிவிடவில்லை.

கார்த்திகா டம்ளரைப் பிளேட்டால் மூடி வீட்டுக்கு எடுத்துப் போனாள். தண்ணீர் தளும்பாமல் அடி மேல் அடி வைத்துப் போனாள்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் நாகவல்லி போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே பருப்பு சொத்தையாக இருந்து, விதை மிதந்தால்? இத்தனை வருஷம் டப்பாவில் கிடந்தது. டெட்டால் வேறு போட்டிருக்கிறாள். போன் அடித்தது. எடுத்தால் அந்தப் பக்கம் விம்மல்தான் கேட்டது. பேச்சே இல்லை.

"இன்னாச்சிம்மா? கார்த்திகா? மெதக்குதா? சொல்லும்மா."

"உப்பிருச்சுக்கா," என்றாள் கார்த்திகா. "நேத்து இருந்ததுக்கு ரெண்டு பங்கு இருக்கு. மெத்துன்னு இருக்கு. பொறந்தப்ப அவன் கன்னம் அப்படித்தான் இருந்துச்சு. பசியில ராத்திரி பூரா குடிச்சிருக்கான்க்கா."

நாகவல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தண்ணிய வடிச்சிட்டு ஈரத்துணில சுத்தி எடுத்துக்கினு வாம்மா," என்றாள். "நான் மண்ண சலிச்சி வெக்கறேன். நீயே ஊணு."